அம்மாவுக்கு உளவளத்துணை எடுத்த கதை

அம்மாவுக்குப் புற்றுநோய், அதுவும் நாலாம் கட்டம் என்று தெரிந்த பிறகு ஸ்கான், கீமோ எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக, ஓரளவு ஒழுங்காகவே நடந்தன. அலைய வைத்தது வேறு. அம்மா சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுக்கத் தொடங்கினார். மனசுக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளரிடம் காட்டலாம் என்று போனால், கவுண்டரில் இருந்தவர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "டொக்டரின்ர துண்டு இல்லை, அடுத்த கிளினிக்குக்கு வாங்கோ" என்றார். டொக்டர் உள்ளேதான் இருந்தார்! "இந்த வருத்தத்தோட ஆர் சிரிச்சுக்கொண்டிருப்பினம்?" என்று ஒரு உபதேசம் வேறு.

அதனால் டொக்டரைப் பார்க்கும்போதே நித்திரை, பசி, அழுகை எல்லாவற்றையும் சொல்லி, அவரைக்கொண்டே உளவளத்துணைக்கான துண்டை எழுதுவியுங்கள். எழுதாமல் வெளியே வராதீர்கள். புற்றுநோயோடு வரும் மனச்சோர்வுக்கும் வைத்தியம் இருக்கிறது.

துண்டோடு போன நாளில் உளவளத்துணையாளர் முதலில் கேட்டது நோவைப் பற்றி. அம்மா எங்களிடம் மறைத்திருக்கிறார். டொக்டர் மோர்பின் என்ற நோ மருந்தை எழுதியதும் மாமா கொழும்பிலிருந்து போன் எடுத்து, "அது கடைசியில குடுக்கிறது, பழகிப்போகும்" என்று வீட்டையே குழப்பினார். டொக்டர் சொன்ன அளவில் நோவுக்கு எடுத்தால் அடிமையாகும் பயம் மிகக் குறைவு. மலச்சிக்கல்தான் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

மருந்தால் நோ குறைந்து, இரவில் நித்திரை கொள்ளத் தொடங்கிய பிறகுதான் அம்மா மனம் விட்டுக் கதைத்தார். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோயில் தேர் பார்க்க வேண்டுமாம். கீமோவுக்குப் பிறகு வெள்ளையணு குறையும், தொற்று இலகுவில் வரும், தேர்ச் சனத்துக்குள் எப்படிப் போவது? இரத்த ரிப்போட்டை ஆஸ்பத்திரியில் காட்டிக் கேட்டோம். தேருக்கு வேண்டாம், கொடியேறிய கிழமையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து மாஸ்க்கோடு போய்வரச் சொன்னார்கள். ஓட்டோவில் போனோம். வரும் வழியில் கச்சான் வாங்கித் தரச்சொல்லி ஒரே அடம். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பியவர்!

பராமரிக்கிற ஆளுக்கும் மனசு உடையும். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. வெட்கப்படாமல் எடுங்கள், நானும் எடுத்தேன்.

அப்புறம், பார்க்க வருகிறவர்கள். பெரியம்மா கட்டிலடியில் இருந்து ஒப்பாரி மாதிரி அழுதார். அன்றைக்கு முழுக்க அம்மா எழும்பவில்லை. "அழுறதெண்டால் படலைக்கு வெளியில நிண்டு அழுங்கோ" என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.