இருபது வினாடிக்கு ஒரு சட்டி

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு 2009இல் மதுரையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் வாரம் எனக்குக் கிடைத்த வேலை கூலிப் பதிவேடு எழுதுவது. பெயர், ஊர், செய்யும் வேலை, வகை என்று கட்டங்கள். வகை என்ற கட்டத்தில் மூன்றில் ஒன்றைத்தான் எழுத முடியும்: திறன் பெற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறனற்றவர். கொத்தனாரும் தச்சரும் முதல் வகை. சித்தாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்றாவது என்று கணக்கர் சொல்லிக்கொடுத்தார். நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவை 'திறனற்றவர்' என்று எழுதினேன். பல வருடம் எழுதினேன்.

அப்படி நான் எழுதிய பெயர்களில் ஒன்று, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவுடையது. அப்போதே அவருக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது. அவருடைய வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதிய சொல் எவ்வளவு தவறு என்பது அந்த விவரத்தில்தான் இருக்கிறது.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேல்தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 417 கன அடி கான்கிரீட். எடை 28 டன். கலவை மிஷின் கீழே தரையில் நிற்கும். லிஃப்டோ பம்ப்போ வைக்காத சின்ன சைட்டில் இந்த 28 டன்னும் இரும்புச் சட்டியில்தான் மேலே போக வேண்டும். சட்டிக்கு 20 கிலோ என்று வைத்தால் 1,400 சட்டி. எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டும். இருபது வினாடிக்கு ஒரு சட்டி.

ஏணிப்படி போலச் சாரம் கட்டி, தட்டுக்கு ஒருவராக நிற்பார்கள். கீழே இருப்பவர் தூக்கிக் கொடுக்க, மேலே இருப்பவர் குனிந்து வாங்கி, அந்த வேகம் குறையும் முன்பே அடுத்தவர் கைக்கு மாற்றிவிட வேண்டும். வேகம் நின்றுவிட்டால் அந்த 20 கிலோவை மறுபடி முதலிலிருந்து தூக்கியாக வேண்டும், இடுப்பு போய்விடும். காலிச் சட்டி இன்னொரு பக்கமாக இறங்கி வரும். தாளம் தப்பினால் மேலே போகும் சட்டியும் கீழே வரும் சட்டியும் மோதும். அக்கா எப்போதும் நடுத்தட்டில் நிற்பார். மேலே இருப்பவர் களைத்துவிட்டாரா, கீழே புதுசாக நிற்பவர் தடுமாறுகிறாரா என்று பார்த்து, ஒரு குரல் கொடுத்தே வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். நாள் முழுக்க ஒரு சட்டி கூடக் கீழே விழாது.

தளத்தின் மேலே போனால் வேறு கவனம் வேண்டும். கட்டிவைத்த கம்பிமேல் கண்டபடி மிதித்தால் கம்பி கீழே இறங்கிப் பலகையோடு ஒட்டிவிடும். பிறகு அந்த இடத்தில் கம்பிக்கு அடியில் போதிய கான்கிரீட் இருக்காது, சில வருடத்தில் துருப்பிடித்துக் காரை பெயரும். எங்கே கால் வைக்கலாம் என்பது அக்காவின் காலுக்கே தெரியும். சட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கொட்டமாட்டார். குனிந்து, தரையோடு சாய்த்து வழியவிடுவார். உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி ஒரு பக்கமும் சிமெண்ட் பால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும். இதைப் பற்றி டிப்ளமோ பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது அவர் கையில்தான்.

ஒருநாள் காலை, மழைக்கு மறுநாள். நாலைந்து சட்டி போனதும் அக்கா கையை நிறுத்தினார். "தம்பி, மிஷின்காரத் தம்பிக்கிட்ட தண்ணியக் குறைக்கச் சொல்லுங்க. மணல் ஈரமா இருக்கு. சட்டில தளதளன்னு ஆடுது" என்றார். போய்ப் பார்த்தேன். மணல் ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்கமான அளவுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தான் பையன். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். அதைப் பார்க்கச் சம்பளம் வாங்குபவன் நான். கண்டுபிடித்தது அவர்.

இனி எனக்கு இன்றும் வருத்தம் தரும் சம்பவம். ஒரு வீட்டுக்குத் தளம் போடும் வேலை. விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, தளம் போடும் நாளுக்காவது ஆளுக்கு 50 ரூபாய் கூட்டிக் கொடுங்கள் என்று அக்காவும் அவரோடு வரும் நான்கு பெண்களும் கேட்டார்கள். மொத்தம் 250 ரூபாய். ஒப்பந்தக்காரர் மறுத்துவிட்டார். "சட்டி தூக்குறதுக்கு என்ன படிப்பா வேணும்? இவங்க இல்லன்னா வேற ஆள்" என்றார். காலையில் ஆள் நிற்கும் இடத்துக்குப் போய், தளவேலை பார்த்திராத ஐந்து பேரைக் கூட்டி வந்தார். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். அவர்கள் அன்றைக்கு முழு மூச்சாக உழைத்தார்கள். ஆனால் கைமாற்றத் தெரியவில்லை. பதினோரு மணிக்குள் இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டி விழுந்ததில் ஒருவருக்குக் காலில் அடி. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேலை நின்றது. மே மாத வெயில். அதற்குள் பாதித் தளத்தின் விளிம்பு இறுகிவிட்டது. பிறகு போட்ட கான்கிரீட் அதோடு ஒன்றாகச் சேரவில்லை. இதைத்தான் கோல்ட் ஜாயிண்ட் என்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நவம்பரில் அடைமழை பிடித்தபோது, சரியாக அந்தக் கோட்டில், வீட்டுக்காரரின் படுக்கையறைக்குள் தண்ணீர் சொட்டியது. கொத்திப் பூசிச் சரிசெய்ய 40,000 ரூபாய்க்கு மேல் ஆனது.

அன்று வேலையை அப்படியே விடாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் முறையாக நிறுத்தி, மறுநாள் தொடர்ந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த விஷயத்தில் என் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

'திறனற்ற' என்ற சொல் அந்த ஒப்பந்தக்காரர் கண்டுபிடித்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் அரசுகள் வெளியிட்டுவந்த கூலி அட்டவணைகளிலேயே இந்த வகைப் பிரிவு இருந்தது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் 'திறன் சாரா உடலுழைப்பு' என்றுதான் சொன்னது. ஓர் அட்டவணைக்கு ஏதாவது பெயர் வேண்டும், சரி. ஆனால் காகிதத்தில் இருக்கும் பெயர் சைட்டுக்கு வரும்போது விலையாக மாறிவிடுகிறது. 'திறனற்ற' என்று எழுதியாகிவிட்டால், அப்புறம் யாரும் அந்த வேலையை நின்று பார்ப்பதில்லை.

சட்டத்தின் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது, அது நல்ல விஷயம். 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன என்று வரையறுத்தது. ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி, வாடகை, விறகு விளக்குச் செலவு என்று கணக்குப் போட்டது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கணக்கு தொடங்குவது வயிற்றிலிருந்து. வயிற்றில் திறன் பெற்றது, பெறாதது என்று இரண்டு வகை கிடையாது. ஆனால் இதிலும் ஓர் இடம் என்னை உறுத்துகிறது. சம்பாதிப்பவர் ஒருவர், அவரைச் சேர்த்துக் குடும்பம் மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டு, பெண்களின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார்கள். ஆண் சம்பாதிப்பான், அதுவே வீட்டுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அக்காவின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

2009இல் அவருக்கு 150 ரூபாய் போட்டேன். 2025இல் எங்கள் பக்கம் சித்தாள் கூலி 650, கொத்தனாருக்கு 1,100 வரை. கூலி நாலு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று வீடு கட்டுபவர்கள் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்று அவர்கள் கேட்பதில்லை. மழைக்காலத்தில் வேலை இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீடு தொடங்கமாட்டார்கள். சராசரியாக மாதத்துக்குப் பதினைந்து பதினாறு நாள் கிடைத்தாலே அதிகம். பத்தாயிரத்தைச் சுற்றித்தான் வருமானம். சிலிண்டர், கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தருவதையும் சேர்த்து 2025இல் ஏறக்குறைய 900 ரூபாய். மகளின் கல்லூரிச் செலவு, மகளிர் குழுக் கடனுக்குத் தவணை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, மதியச் சாப்பாட்டில் புளித்தண்ணீரும் ஊறுகாயும்தான் இருந்தன.

தாக்குப்பிடிக்க முடிகிறது என்றால், ரேஷன் அரிசியும், 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயும் காரணம். பஸ்ஸுக்குப் போன 30, 40 ரூபாய் மிச்சமானது பெரிய விஷயம் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். அரசு செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 28 டன் கான்கிரீட்டை மேலே ஏற்றுபவரின் குடும்பம் அந்தக் கூலியிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கூலியைவிட எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது வேறு. பதினேழு வயதில் கையாளாக வரும் பையன் மூன்று நான்கு வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்குச் சட்டி தூக்கிக் கொடுத்த பெண் இருபது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். ஏன் கரண்டி பிடிக்கவில்லை என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "கேட்டுப் பாத்தேன் தம்பி. பொம்பளை பூசுன சுவர்ல யாரு குடியிருப்பான்னு சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன்" என்றார். பிறகு ஒருநாள் கொத்தனார் வராதபோது குளியலறைச் சுவரை அவரையே பூசச் சொன்னேன். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. எத்தனை வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்! அன்றைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக 'கொத்தனார்' என்று எழுதினேன். சாயங்காலம் ஒப்பந்தக்காரர் அதை அடித்துவிட்டு, சித்தாள் கூலியை மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

மூன்று வருடமாக நானே சிறு வேலைகளை எடுத்துச் செய்கிறேன். என் பதிவேட்டில் வகை என்ற கட்டம் இல்லை, செய்த வேலை மட்டும் இருக்கும். தளம் போடும் நாளில் கைமாற்றும் பெண்களுக்கு 800 ரூபாய். இதற்காக இரண்டு வேலைகள் கை நழுவிப் போயின. மதிப்பீட்டில் அந்த வரியைப் பார்த்ததும், "சித்தாளுக்கா இவ்வளவு?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. சட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். சிலர் சரி என்பார்கள். கொத்தனார் கூலியை இன்னும் என்னால் கொடுக்க முடியவில்லை.

வரும் வியாழக்கிழமை திருப்பாலையில் ஒரு தளம். அக்காவோடு ஆறு பேர் வருகிறார்கள். இப்போது அவருக்கு முழங்கால் வலி, நடுத்தட்டில் நிற்க முடியாது. மேலே நின்று கொட்டும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நடுவில் நிற்கத் தன் அண்ணன் மருமகளைப் பழக்கியிருக்கிறாராம். நேற்று போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார்: "போன தடவை மூணாவது தட்டு ஆடுச்சு தம்பி. இந்தத் தடவை புதுக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்க."