சாமான் அறைக் குறிப்புகள், 2023

ஜூலை 22, சனி

டாலஸிலிருந்து தங்கச்சி பேசினாள். அக்காவை எங்கள் பக்கம் ஆச்சி என்போம். "ஆச்சி, இங்க இந்தியக் கடையில அரிசி மூட்டைக்கு அடிச்சுக்கிறாக. ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டைதான்னு எழுதி ஒட்டிட்டாக. நம்ம ஊர்லயும் இப்படித்தானா?"

நம்ம ஊரில் அப்படி ஆகக் காரணமே இல்லை. 20ஆம் தேதி மத்திய அரசு தடை போட்டது பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு. வெளியே போக இருந்தது இனி உள்ளேயே நிற்கும். அதிலும் புழுங்கல் அரிசிக்குத் தடை கிடையாது, எங்கள் வீட்டில் சோறு வடிப்பது புழுங்கலில்தான். ஆனாலும் இன்றைக்குக் கடைவீதியில் ஆளுக்கு இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்" என்கிறார்கள். அமெரிக்காவில் எடுத்த வீடியோவை வாட்ஸப்பில் பார்த்துவிட்டுக் காரைக்குடியில் மூட்டை தூக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

சாமான் அறையைத் திறந்து எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினோம். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து மேற்பார்வை.

இந்த அறையில் இருப்பது எதுவும் பயந்து வாங்கியது அல்ல. அரிசி, அறுப்பு முடிந்து விலை இறங்கியிருந்த நேரத்தில் புதுவயல் மில்லில் எடுத்தது. புளி மாசியில் வந்தது. கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்புத் தூவி, பீங்கான் ஜாடியில் அழுத்தி அடைத்திருக்கிறோம். முண்டு மிளகாய் பங்குனியில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்தது. சுண்டை, கொத்தவரை, மாங்காய், மோர் மிளகாய் எல்லாம் சித்திரை வெயிலில் போட்ட வற்றல். எது எப்போது மலிவாகக் குவிகிறதோ அப்போது எடுத்து வைப்பதுதான் இந்த வீட்டு வழக்கம். அந்த நேரத்தில் நாம் வாங்கினால் விற்கிறவருக்கும் நல்லது, யார் பங்கும் குறையாது.

பராமரிப்பையும் எழுதி வைக்கிறேன், பிள்ளைகள் கேட்கிறார்கள். துவரம்பருப்பில் விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுப் பிசறி, ஒரு வெயில் காட்டி, ஆறிய பிறகு டின்னில் போட வேண்டும். சூடாகப் போட்டால் உள்ளே வியர்த்துப் புழு வைக்கும். அரிசியை மட்டும் வெயிலில் காட்டக் கூடாது, வெடித்துக் குருணையாகிவிடும். நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டால் வண்டு அண்டாது. நெல்லாக வைப்பவர்கள் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இல்லாமல் பார்க்க வேண்டும். ஆத்தாவுக்குக் கருவி வேண்டாம், ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பாக. 'டக்'கென்று ஒடிந்தால் குதிருக்குப் போகலாம், நசுங்கினால் இன்னொரு வெயில்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. கோதுமை மாவு, ரவை இரண்டும் மாதக் கணக்கில் தாங்காது. கவுனி என்கிற கறுப்பரிசி தவிடு நீக்காதது, தவிட்டில் இருக்கும் எண்ணெய் காறிப்போகும், அதனால் பண்டிகைக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்குவதில்லை. பழைய டின் முன்னால், புதிய டின் பின்னால். இதை மாற்றி வைத்தால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தக்காளி நூற்றுக்கு மேல் ஏறி இறங்க மாட்டேன் என்கிறது. அரசு ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்கிறது, எல்லாக் கடைகளுக்கும் அது வரவில்லை. எங்கள் சமையலில் தக்காளிக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. இன்றைக்கு வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, மொச்சையும் மாங்காய் வற்றலும் போட்டு, சின்ன வெங்காயம் தாராளமாக. வீடெல்லாம் மணம்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ரேஷன் அரிசி இருப்பதால் சோற்றுக்குக் கவலை இல்லை. 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ, 25 ரூபாய்க்குப் பாமாயில் ஒரு லிட்டர், அது மாதம் முழுக்க வராது. மீதிக்கு அன்றன்றைய கூலியில் கால் கிலோ, நூறு கிராம் என்று கடையில் வாங்குகிறாள். வெளியில் துவரம்பருப்பு 150 ரூபாயைத் தாண்டிவிட்டது. துவரை, உளுந்து இரண்டுக்கும் வியாபாரிகள் இவ்வளவுதான் இருப்பு வைக்கலாம் என்று ஜூன் மாதமே மத்திய அரசு வரம்பு போட்டிருக்கிறது. வீடுகளுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை, அதை நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். விலை ஏறும் வாரத்தில் வசதியுள்ளவர்கள் பத்துப் பத்துக் கிலோவாக அள்ளினால், அடுத்த நாள் நூறு கிராம் கேட்டு வருகிற அக்காதான் கூடுதல் விலை கொடுக்கிறாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி போட்டுவிட்டார்கள், நேற்று முன்தினம். தங்கச்சியின் போன் மறுபடியும். டெல்டாவில் காவிரித் தண்ணீர் போதாமல் குறுவை காய்கிற படங்களைப் பார்த்தால் எனக்கும் மனசு சரியாக இல்லை.

ராத்திரி ஆத்தா பர்மாக் கதையை எடுத்தாக. ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் பெகு பக்கம் கடை வைத்திருந்தவர். போருக்கு முன்பு உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. 1930இல் நெல் விலை விழுந்து, கடன் அடைக்க முடியாதவர்களின் நிலங்கள், கடன் கொடுத்திருந்த செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்து, அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்வாசி அவர்களிடம் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்தது. ஐயா அசாம் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். வந்த வீட்டில் கேப்பைக் கூழ். பர்மா அரிசியை நம்பியிருந்த ஊர்களுக்கெல்லாம் கப்பல் நின்றுபோயிருந்தது.

அடுத்த ஆண்டு வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். பர்மா அரிசி வராதது ஒரு காரணம். பயத்திலும் லாபத்துக்காகவும் மூட்டைகள் அடுக்கப்பட்டு, விலை கூலிக்காரர்கள் கைக்கு எட்டாமல் போனது இன்னொரு பெரிய காரணம். "நெல்லு வித்தவகளுக்கே நெல்லு இல்லாமப் போச்சு ஆத்தா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாக. அப்பத்தா அந்த நாளிலிருந்து ஒரு வருஷ அரிசி இல்லாமல் தூங்கியதில்லையாம். ஆனால் கூழ் கேட்டு வந்தவர்களுக்கு அதே மூட்டையிலிருந்துதான் அளந்தாகளாம். இரண்டும் சேர்ந்ததுதான் எனக்கு முக்கியம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தக்காளி மலிந்துவிட்டது. ஒரு கூடை வாங்கித் தொக்குப் போட்டாயிற்று.

டிசம்பர் 6, புதன்

சென்னையில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் இருக்கும் மகனோடு இரண்டு நாளாகச் சரியாகப் பேச முடியவில்லை. இன்று காலை கிடைத்தான். வீட்டில் அரிசி பருப்பு எல்லாம் நான் கொடுத்தனுப்பியது நிறைய இருக்கிறது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லாமல் எதைக் கழுவி எதை வடிப்பது? பால் எங்கேயும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.

சாமான் அறையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அடுப்பு எரியாத நாளுக்கும் வைக்க வேண்டும். அவல், பொரிகடலை, வெல்லம், வேர்க்கடலை, பால் பவுடர், மூடி போட்ட கேன்களில் குடிதண்ணீர், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் புளி ஜாடியைவிட இதுதான் அவசரம். அவனுக்கு இன்றே பட்டியல் அனுப்பினேன்.

டிசம்பர் 21, வியாழன்

நகரத்தார் வீடுகளில் கும்பிடும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து முடித்த கையோடு தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளச் செய்தி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளம் அரித்துப்போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள், சுற்றிலும் தண்ணீர், எந்த வண்டியும் போக முடியவில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் தங்கள் வீடுகளில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் அப்போது மழைதான்.

படித்துவிட்டு ஆத்தா சாவியை என் கையில் கொடுத்தாக. எங்கள் தெருவிலிருந்து வேன் கிளம்புகிறது. அரிசியில் பாதியும் பருப்பில் ஒரு டின்னும் மிளகாய்த்தூளும் ஏற்றினோம். அவலும் பொரிகடலையும் பொட்டலமாகக் கட்டி மேலே வைத்தோம், முதலில் இறக்குவதற்கு. புளி வேண்டாம் என்றார்கள், அங்கே கரைத்து வைக்க நேரம் இருக்காது.

இடம் காலியாகக் கிடக்கிறது என்று இப்போதே மூட்டை வாங்கப் போவதில்லை, விலை அதிகம். புதுவயலில் சொல்லி வைத்திருக்கிறேன், தை அறுப்பு முடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுவரைக்கும் வீட்டுக்கு மீதிப் பாதி போதும்.