பிரெட்செலுக்கான காஸ்டிக் சோடாவை வாங்குவதும் கொண்டுவருவதும்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் முடிச்சு வடிவில் சுடும் ரொட்டியான பிரெட்செலுக்கு அந்தச் செம்பழுப்புத் தோலும் தனித்த மணமும் கிடைப்பது, சுடுவதற்கு முன் அதை காஸ்டிக் சோடா என்னும் வலிய காரத்தின் 3 முதல் 4 சதவீதக் கரைசலில் சில நொடிகள் முக்கி எடுப்பதால்தான். அடுப்பில் வெந்தபின் அந்தக் காரம் தீங்கற்றதாகிவிடுகிறது. அதற்கு முன்போ தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருளாகவே இருக்கிறது.

ஆகவே உணவுத் தரம் என்றும், காஸ்டிக் சோடாவுக்கான ஐரோப்பிய உணவுச் சேர்க்கை எண்ணான இ 524 என்றும் அச்சிட்ட, முத்திரை உடையாத பொதியை மட்டுமே வாங்குகிறேன். சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்கள் சிலவற்றில் அலுமினியத் துகளும் கலந்திருப்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவை சமையலறைக்குரியவை அல்ல.

இப்பொருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் இயல்புடையது என்பதால், அதன் பிளாஸ்டிக் டப்பாவை மூடியுள்ள இன்னொரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, காய்கறிப் பையிலிருந்து விலக்கி, வண்டியின் பின்பகுதியில் கொண்டுவர வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது; ஈரம் பட்டால் எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிப்படும். விமானப் பயணிகளின் எந்தப் பெட்டியிலும் இதற்கு அனுமதியில்லை. ஜெர்மனியிலிருந்து வரும் உறவினரிடம் கொண்டுவரச் சொல்வது அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதாகும்.

வீட்டில் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, குளிர்ந்த நீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நான் மிகவும் அஞ்சுவது, மீந்த கரைசலைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையே. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், சமையல் சோடாவை அடுப்பில் வறுத்துக் கிடைக்கும் சோடியம் கார்பனேட்டைப் பயன்படுத்தலாம். நிறம் சற்றுக் குறைந்தாலும் பிரெட்செல் சுவையாகவே இருக்கும், ஆனால் அதையும் வெறுங்கையால் தொடக் கூடாது.