ஹார்ட் டாப்புக்கு வீட்டிலேயே பெயின்ட்: லூஸ் தின்னர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹார்ட் டாப், அதாவது கெட்டிக் கூரை, மறுபடி வண்டி மேல் ஏறிவிட்டது, கருப்பாக இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. அதனால்தான் கொஞ்சம் நிதானமாக எழுத வருகிறது. நடுவில் எழுதியிருந்தால் பாதிக்கு மேல் வசவாகத்தான் இருந்திருக்கும்.

வண்டி பழைய மஹிந்திரா தார், 2020க்கு முந்தையது. துணிக் கூரையோடு வந்ததை எடுத்துவிட்டு நம்மில் பலரும் வெளியில் போட்டுக்கொண்ட அதே எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) ஹார்ட் டாப்தான் என்னுடையதும். கோயம்புத்தூர் வெயிலில் மேலே இருந்த ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சு வெளுத்து, கை வைத்தால் சாம்பல் மாதிரி மாவு ஒட்டும் நிலைக்கு வந்துவிட்டது. பெயின்டிங் கடையில் கேட்டால், கழற்றவே வேண்டாம், வண்டியிலேயே டேப் ஒட்டி ஒரு கோட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கழற்றாமல் அடித்த பெயின்ட் ஓரத்திலிருந்து உரிந்துகொண்டு வருவதை நண்பர் வண்டியில் பார்த்தவன் நான். சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறையுமே என்று வீட்டில் சொன்னார்கள், உண்மைதான், ஆனாலும் எனக்குக் கருப்புதான் வேண்டும்.

கழற்றுவது பெரிய விஷயமில்லை. போல்ட்டுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வையுங்கள், உள்விளக்கு வயரைக் கழற்றாமல் தூக்காதீர்கள், தூக்க நாலு பேர் வேண்டும். இறக்கி வைக்கும் இடம் சமமாக இருக்கட்டும். ஒரு மூலை தொங்கினால் எஃப்.ஆர்.பி. மெதுவாகக் கோணிக்கொள்ளும், அப்புறம் போல்ட் ஓட்டை எதுவும் நேருக்கு நேர் வராது.

பீடிங்கைப் பிரித்தால் அடியில் முழுக்க சிலிக்கான் பசை. முதலில் மாட்டிக்கொடுத்தவர்கள் ஒழுகாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் பிதுக்கிவிட்டிருக்கிறார்கள், கண்ணாடி ஓரத்திலும் அதேதான். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, அடித்த உடனே வட்ட வட்டமாக விலகி மீன் கண் மாதிரி குழி விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், தேய்க்கத் தேய்க்க அது நுண்ணிய துளைகளுக்குள் இறங்கத்தான் செய்யும். தின்னரில் துடைத்தாலும் இன்னும் அகலமாகப் பரவும். முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, பிறகு கிரீஸ் ரிமூவரில் துடைத்து, அதற்கப்புறம்தான் உப்புத்தாள். துடைக்கும் துணியை ஒரு பக்கம் பட்டதும் திருப்பிப் போடுங்கள், அழுக்கானதும் எறியுங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று கடைசித் துடைப்புக்கும் அதையே எடுத்தால் நூல் நூலாக ஒட்டும். அதற்கு மட்டும் தூசியை ஒட்டி எடுக்கும் பிசுக்குத் துணி (டாக் கிளாத்) தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது, பட்டி பார்ப்பது, ப்ரைமர், எல்லாம் ஓடிவிட்டது. ஒன்றே ஒன்று: எஃப்.ஆர்.பி.யில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் ஏராளம். ப்ரைமர் அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், ப்ரைமரே அடைத்துவிடும் என்று விட்டால் அடைக்காது, பட்டியைத் தகட்டால் அழுத்தி உள்ளே திணிக்க வேண்டும். வெயிலில் காய்ந்து சூடாகக் கிடக்கும் டாப் மேல் அடித்தாலும், அந்த ஓட்டைக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழி குமிழியாகக் கிளம்பும்.

இனி தின்னர். ப்ரைமரோடு அதே கம்பெனியின் சின்ன தின்னர் டப்பா கிடைத்தது, அது தீர்ந்துவிட்டது. டாப் கோட்டுக்கு டூ-கே பி.யு., அதாவது இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட், அரைப் பளபளப்பான சாட்டின் கருப்பு. அதற்கு வேண்டிய பி.யு. தின்னரை வாயாலும் கேட்டேன், பில்லிலும் பி.யு. தின்னர் என்றே போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் சீல் டப்பா ஸ்டாக் இல்லை என்று உள்ளே இருந்த டிரம்மிலிருந்து பிடித்து, லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டிலில் கொடுத்தார் கடைப் பையன். மூன்று கோட் அடித்தேன், அடித்தபோது என்னவோ அழகாகத்தான் உட்கார்ந்தது. மறுநாள் காலையில் விரல் வைத்தால் ரேகை பதிகிறது. அதற்கடுத்த நாளும் பதிகிறது. ஓரத்தில் நகம் போட்டால் வெல்லப் பாகு மாதிரி சுருண்டு வருகிறது.

கடைக்காரரிடம் சொன்னேன். "பனி நேரமுங்க, ஈரம் இருந்தா அப்படித்தான் இருக்கும், வெயில்ல போடுங்க" என்றார். வெயிலிலும் போட்டாயிற்று, ஹார்டனரும் டப்பாவில் எழுதியிருந்த 4க்கு 1 கணக்கில் அளவுக் குவளையில் ஊற்றியதுதான் என்றேன். "தின்னர் எல்லாம் ஒண்ணுதானுங்க, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் ஒன்றில்லை. பாட்டிலில் வந்தது என்.சி. தின்னராக, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கானதாக, இருக்குமோ என்று சந்தேகம். என்.சி. தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் வகைக் கரைப்பான் கலந்திருக்கும். பி.யு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் பெயின்டோடு சேர்ந்து இறுக வேண்டியதை விட்டுவிட்டு, அந்த ஆல்கஹாலோடு சேர்ந்து தீர்ந்துபோகும். பெயின்ட் ஆயுசுக்கும் பிசுபிசுவென்றே கிடக்கும்.

வேறு கடையில் சீல் உடைக்காத பி.யு. தின்னர் வாங்கி வந்து, இரண்டு டப்பா மூடிகளில் அதே பெயின்ட், அதே ஹார்டனர், ஒன்றில் புதுத் தின்னர், ஒன்றில் பாட்டில் தின்னர் என்று கலந்து பக்கத்தில் பக்கத்தில் காய வைத்தேன். மறுநாள் ஒன்று கல், ஒன்று களி. இரண்டையும் கொண்டுபோய் பில்லோடு சேர்த்து அவர் மேஜை மேல் வைத்துத் தொட்டுப் பாருங்க என்றேன். தொட்டார், பையனைக் கூப்பிட்டார், "எந்த டிரம்முல பிடிச்சே?" என்றார். பையன் காட்டிய டிரம்மில் என்.சி. என்று சாக்பீஸால் பெரிதாகவே எழுதியிருந்தது! தின்னர் காசும் ஒரு லிட்டர் பெயின்டும் வாங்காமல் நான் அங்கிருந்து நகரவில்லை. என் கூலியை யார் தருவது என்று கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

அந்தக் கூலி சாமானியமில்லை. உப்புத்தாளைப் போட்ட நிமிஷமே அடைத்துக்கொள்கிறது. பெயின்ட் ரிமூவர் ஊற்றலாமே என்று தோன்றும், எஃப்.ஆர்.பி. மேல் ஊற்றிவிடாதீர்கள், பெயின்டோடு ரெசினையும் சேர்த்துக் கரைக்கும். சுரண்டி, தின்னர் துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, கடைசியில்தான் 320 நம்பர் உப்புத்தாள். அடியில் ப்ரைமர் நன்றாக இறுகியிருந்ததால் அது தப்பித்தது.

இரண்டாம் முறை எல்லாமே சீல் டப்பாதான். காலையில் பனி விலகியதும் ஆரம்பித்து காற்று கிளம்பும் முன் முடித்தேன். ஆனி, ஆடியில் இந்த ஊரில் திறந்த வெளியில் ஸ்ப்ரே அடிக்க நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பெயின்ட் பக்கத்து வீட்டுக் காருக்குத்தான் போகும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்துங்கள். சாட்டினில் தூசி விழுந்தால் ரப்பிங் போட்டு எடுக்க முடியாது, அந்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். அதற்குப் பயந்து கிளாஸ் (முழுப் பளபளப்பு) பெயின்ட் அடித்தால் எஃப்.ஆர்.பி.யின் மேடு பள்ளம் மொத்தமும் தெரியும், எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கம்ப்ரசர் லைனில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். அதைவிடக் கட்டாயம் கரி ஃபில்டர் வைத்த முகமூடி. பெயின்டர்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்களே என்று பார்க்காதீர்கள், ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். துணி அதைத் தடுக்காது.

மாட்டும்போது போல்ட்டுகளை முதலில் எல்லாம் கையாலேயே பிடித்துவிட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள். அகல வாஷர் இல்லாமல் இறுக்கினால் எஃப்.ஆர்.பி. விரிசல் விடும். பீடிங் புதிது போட்டேன், அதன் இணைப்பு பின்பக்கம் வருகிற மாதிரி. ஹோஸ் பைப் பிடித்துப் பார்த்ததில் ஒழுகல் இல்லை, சிலிக்கான் ஒரு சொட்டுகூட வைக்கவில்லை. திறந்த ஹார்டனர் டப்பாவை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும். வேண்டிய அளவுக்குச் சின்ன டப்பாவாகவே வாங்குங்கள்.