மாட்டாஸ்பத்திரி டாக்டர் மனநல ஓபிக்குப் போன கதை

முதல்லயே சொல்லிடறேன், மாடு கன்னு சாகறதப் பாத்துப் பாத்து மனசு ஒடஞ்சவ இல்ல நான். எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, எங்க வீட்டுக்காரர் உட்பட. "வாயில்லா ஜீவன், பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் தாங்கும்"னு உச்சுக்கொட்டுவாங்க. உண்மையச் சொன்னா கொட்டாயில மாட்டுக்கிட்ட நின்ன நேரம்தான் எனக்கு நிம்மதியான நேரம். என்னைச் சாய்ச்சது போனும் ஆப்பும் அடுத்தவங்க கடனும்தான்.

டெல்டா பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்துல உதவி மருத்துவரா இருக்கேன். நான், ஆய்வாளர் அண்ணன், உதவியாளர் அக்கா, அவ்வளவுதான் ஸ்டாஃப். பக்கத்து மருந்தகத்துல டாக்டர் போஸ்ட் காலி, அதனால அதுவும் கூடுதல் பொறுப்புன்னு என் தலையில. காலைல ஓபி, சினை ஊசி, சினை பாக்கறது, அப்புறம் கேம்ப், நடுவுல எங்கயாவது பாம்பு கடிச்ச மாடு, இன்சூரன்சுக்கு போஸ்ட்மார்ட்டம். இதெல்லாம் படிச்ச வேலை, வேலைன்னு தோணவே தோணாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரித் தடுப்பூசி ரவுண்டு வரும் பாருங்க, அதுல ஊசி போடறதுகூட பிரச்சனை இல்ல, விடிகாலைல போனா பால் கறந்து முடிக்கறதுக்குள்ள ஒரு தெருவ முடிச்சிடலாம். ஆனா காதுல வில்லை மாட்டி அதுல இருக்கற 12 இலக்க நம்பர அரசாங்க ஆப்ல ஏத்தணும், மாட்டுக்காரர் போனுக்கு ஓடிபி போகும், அத வாங்கிப் போடணும். "ஓடிபி சொன்னா பேங்க்ல பணம் போயிடும்னு டிவில சொல்றாங்களே டாக்டரம்மா"ம்பார் ஒரு தாத்தா, அவர் சொல்றதுலயும் தப்பில்ல. பாதி வீட்டுல நம்பர் மகன் பேர்ல இருக்கும், மகன் திருப்பூர்ல ஷிஃப்ட்ல இருப்பான், ராத்திரி சோறு போட்டுக்கிட்டே அவனுக்கு போன் போட்டு தம்பி அந்த நம்பர் கொஞ்சம் சொல்லுப்பான்னு கெஞ்சிக்கிட்டு இருப்பேன். மறுநாள் காலைல குரூப்ல எந்த மருந்தகம் எத்தன பர்சன்ட்னு பட்டியல் வந்து விழும்.

இதுக்கு மேல பணம். ஒரு கலப்பினக் கறவை மாடு இன்னைக்கு அறுபது எழுபதாயிரம், பாதிப் பேர் கடன்லதான் வாங்கியிருப்பாங்க, இன்சூரன்ஸ் இருக்காது. மாடு படுத்துடுச்சுன்னா அந்த வீட்டுல மளிகைக் கடன், ஸ்கூல் ஃபீஸ், குழுக் கடன் எல்லாம் சேந்து படுத்துடும். அதனால என்கிட்ட வர்ற கோபம் மாட்டப் பத்தின கோபமே இல்ல. கஜா புயல் வந்த 2018 நவம்பர்ல செத்த மாட்டுக்கு 30000, ஆட்டுக்கு 3000 நிவாரணம்னு சொன்னப்ப, செத்த ஆட்ட எண்ணி சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டியது நாங்கதான். தண்ணில அடிச்சிட்டுப் போன ஆட்டுக்கு உடம்பும் இல்ல, போட்டோவும் இல்ல. "நீ எழுதினா எழுதினதுதானம்மா"ன்னு ஒரு பாட்டி கையப் பிடிச்சிட்டு விடல. அந்த மாதிரி நின்ன இடங்கள்தான் மனசுல தங்குது, செத்த ஆடு இல்ல.

அமெரிக்காவுல சிடிசிங்கற அரசு நோய்த்தடுப்பு மையம் 2019-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 1979-லேர்ந்து 2015 வரைக்கும் இறந்த கால்நடை டாக்டர்களோட ரெக்கார்ட எடுத்து. பொது ஜனங்களோட ஒப்பிட்டா, இறப்புகள்ல தற்கொலையோட பங்கு பெண் டாக்டர்கள்ல 3.5 மடங்கு, ஆண்கள்ல 2.1 மடங்கு. பேட்ச் குரூப்ல ஒருத்தி போட்டிருந்தா, எல்லாரும் அழற எமோஜி போட்டுட்டு நகர்ந்துட்டாங்க, நானும்தான். அங்க பேசறதெல்லாம் கருணைக்கொலை, படிப்புக் கடன், கிளினிக் பில்லப் பாத்து கத்தற ஓனர் இப்படி. நமக்கு மாட்டுக்குக் கருணைக்கொலைங்கற பேச்சே அபூர்வம், காப்பாத்த வழி இருந்தும் மருந்து ஸ்டாக் இல்லாம, வெளிய எழுதிக் கொடுத்தா வாங்க அவங்ககிட்ட காசு இல்லாம நிக்கறதுதான் நம்ம ஊர் கேஸ்.

ஒரு ராத்திரி மட்டும் சொல்றேன். கன்னு திரும்பிக் கிடக்குன்னு போன், போனா ஏற்கெனவே ஊர் ஆளுங்க நாலு பேர் கயிறு கட்டி சாயங்காலத்துலேர்ந்து இழுத்துப் பாத்துட்டாங்க. முன்னங்கால் ரெண்டும் வெளிய, தல பின்னாடி விலாப் பக்கம் மடங்கி கிடக்கு, கன்னு செத்து ஊத ஆரம்பிச்சிடுச்சு. செல்போன் வெளிச்சத்துல சாணித் தரையில படுத்துக்கிட்டு தோள் வரைக்கும் கைய விட்டு தாடையப் பிடிச்சுத் திருப்பணும், மாடு முக்கும்போது அதோட இடுப்பெலும்புக்கு நடுவுல நம்ம கை நசுங்கும், விரல் மரத்துப் போய் நாம தொடறது காதா நாக்கான்னே தெரியாது. எடுத்துட்டேன். கால்சியம் ஏத்தி, மருந்தெல்லாம் போட்டு வீட்டுக்கு வர விடிஞ்சிடுச்சு. மாடு எழுந்திரிக்கவே இல்ல, ரெண்டு நாள் கழிச்சு செத்துடுச்சு. அந்த வீட்டுப் பையன் நான் படுத்துக்கிட்டு கைய விட்டிருக்கறத வீடியோ எடுத்து வச்சிருந்தான், "டாக்டர் வந்து கைய விட்டு மாட்டக் கொன்னுட்டாங்க"ன்னு எழுதி ஊர் குரூப்ல போட்டுட்டான்.

அதுக்கப்புறம்தான் ரிங்டோன் கேட்டாலே வயித்தக் கலக்க ஆரம்பிச்சது. வேற ரிங்டோன் மாத்தினேன், ஒரு வாரத்துல அதுவும் அப்படியே ஆயிடுச்சு. மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், அப்புறம் தூக்கம் கிடையாது. உதவியாளர் அக்காவ ஒரு சிரிஞ்சுக்காக ஜனங்க முன்னாடி கத்தினேன். மடிநோய் மாட்ட ஓட்டிட்டு வந்து நிப்பாங்க, எனக்கு ஒண்ணுமே தோணாது, கை தானா மருந்து எழுதும். வண்டிய மருந்தக வாசல்ல நிறுத்திட்டு இறங்காம அப்படியே உக்காந்திருப்பேன். சாகணும்னு நெனைக்கல, ஆனா காலைல முழிக்காமப் போனா பரவால்லன்னு தோண ஆரம்பிச்சது. அந்த நெனப்பு அடிக்கடி வரவும்தான் எனக்கே பயம் வந்துச்சு.

14416-க்கு அடிச்சேன். டெலிமானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச இலவச லைன், ராத்திரியும் எடுப்பாங்க. தமிழுக்கான நம்பர அமுக்கினேன், ஒரு பொண்ணு எடுத்துச்சு, என்ன வேலைன்னு கேட்டுச்சு. மாட்டு டாக்டர்னேன். ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் "நைட் டூட்டி உண்டா மேடம்"னு கேட்டுச்சு பாருங்க, அந்தக் கேள்விக்கே எனக்கு அழுக வந்துடுச்சு. இத்தன வருஷத்துல நைட் டூட்டின்னு அதுக்கு ஒரு பேர் இருக்கும்னு யாரும் சொன்னதில்ல, ஏன்னா எங்க ஆர்டர்ல அது டூட்டியே இல்ல, பழக்கம். எல்லாத்தயும் கேட்டுட்டு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் இருக்கற நாள் கெழமைய சொல்லி, போங்கன்னுச்சு. மறுநாள் திருப்பி கூப்பிட்டு போனீங்களான்னும் கேட்டுச்சு.

ஜிஎச் ஓபி வரிசை பத்தி தனியா எழுதணும். முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு நின்னேன், பிரயோஜனம் இல்ல, "டாக்டரம்மா, நீங்களா, எங்க கெடேரி மூணு ஊசி போட்டும் சினை பிடிக்கலயே"ன்னு பின்னாடிலேர்ந்து ஒரு குரல். அங்கயே வரிசைல நின்னு பருவம் எப்ப வந்துச்சு, சளி கண்ணாடி மாதிரி இருந்துச்சா கலங்கலா இருந்துச்சா எல்லாம் கேட்டு வைத்தியம் சொல்லிட்டுத்தான் உள்ள போனேன். அவர் எதுக்கு வந்திருக்கார்னு நான் கேக்கல, அவரும் கேக்கல.

உள்ள முதல்ல ரத்தம் எடுத்தாங்க, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சுகர். நான் வாயத் திறந்து புருசெல்லாவும் பாருங்க சார்னேன், மாட்டுலேர்ந்து மனுஷனுக்குத் தொத்தற கிருமி அது. நம்ம ஆளுங்க யாரு போனாலும் இத கேளுங்க. கன்னு வீசின மாட்டோட நஞ்சுக்கொடியக் கையால எடுக்கறோம், கெடேரிக் கன்னுக்குப் போடற தடுப்பூசி உயிர்க்கிருமி, கை தவறி நம்ம விரல்ல குத்தறதும் நடக்கும். விட்டு விட்டு காய்ச்சல், மூட்டு வலி, ஓயாத அசதி, மனச்சோர்வு எல்லாம் அதுலயும் வரும். எனக்கு அது நெகட்டிவ், ரத்தம்தான் கம்மியா இருந்துச்சு, அதுக்கு இரும்பு மாத்திரை தனியா.

அப்புறம் ஒன்பது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எத்தன நாள் இப்படி இருந்துச்சுன்னு, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலேர்ந்து மூணு வரைக்கும் மார்க். ஒன்பதாவது கேள்வி சாவு நெனப்பு பத்தினது, அதுக்கு நான் சொன்ன பதிலக் கேட்டுட்டு டாக்டர் பேனாவ கீழ வச்சுட்டு, "மருந்து அலமாரி சாவி யார்கிட்ட இருக்கு"ன்னார். இத நான் எதிர்பாக்கவே இல்ல. "கொஞ்ச நாளைக்கு உங்ககிட்ட வேணாம், தேவைப்படும்போது இன்னொருத்தர் கூட இருந்து எடுங்க"ன்னு சொல்லிட்டார். அன்னைக்கு சாயங்காலமே ஆய்வாளர் அண்ணன்கிட்ட சாவியக் கொடுத்தேன். ஏன்னு கேக்கல, வாங்கி அரைஞாண் கயித்துல முடிஞ்சுக்கிட்டார்.

சான்றுல "பர்ன்அவுட்"னு எழுதித் தாங்க சார்னு கேட்டேன், அது கொஞ்சம் கவுரவமா இருக்கும்ல. முடியாதுன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஏத்துக்கிட்ட ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல்ல பர்ன்அவுட் இருக்கு, ஆனா நோயா இல்ல, வேலை சம்பந்தமான ஒரு நிலையா மட்டும்தான் இருக்கு. அதுக்கு மருத்துவச் சான்று எழுத முடியாது, உங்களுக்கு இருக்கறது டிப்ரஷன், அதுக்கு எழுதலாம்னார். எங்க ஏடி (உதவி இயக்குநர்) சார் நல்ல மனுஷன், அவரும் "முதுகு வலின்னு போட்டு வாங்கிட்டு வந்துடும்மா, எதுக்கு வம்பு"ன்னார். டாக்டர்கிட்ட கேட்டதுக்கு, பொய் சான்று தர மாட்டேன், 2017 மனநலச் சட்டப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியம், யார் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன், நீங்க பயப்படாம லீவு போடுங்கன்னார். மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு, அதுதான் போட்டேன். கூடுதல் பொறுப்ப வேற ஒருத்தர் தலையில கட்டினாங்க, அவருக்கு என் மேல கோபம் இன்னும் தீரல, அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன்.

மாத்திரை பத்தி. எஸ்சிடாலோபிராம், கொஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சாங்க. பிரிவு தாங்காம வீட்டப் பிச்சு மேயற நாய்க்கு நாம எழுதிக் கொடுக்கற ஃபுளூக்ஸெடினோட பங்காளிதான். அந்த நாயோட ஓனர்கிட்ட "உடனே தெரியாது, நாலு வாரம் பொறுங்க"ன்னு எவ்வளவு கம்பீரமா சொல்வேன், எனக்குன்னு வந்தப்ப முதல் வாரமே வேலை செய்யலன்னு டாக்டருக்கு போன் பண்ணினேன். அந்த வாரம் குமட்டல் மட்டும்தான். மூணாவது வாரம் போல தூக்கம் வந்துச்சு, மத்தது மெதுவா. நல்லா இருக்குன்னு நாமளா நிறுத்தக் கூடாது, மாசக் கணக்குல போகணும், குறைக்கறதும் படிப்படியாத்தான்.

ஆனா ரிங்டோன் பயத்த மாத்திரை தொடல. அதுக்கு அதே ஆஸ்பத்திரி சைக்காலஜிஸ்ட்தான். நான் எதிர்பாத்தது மூச்சுப் பயிற்சி, அவங்க கேட்டது என் கால் ஹிஸ்டரி. ராத்திரி வந்த போன் எல்லாத்தயும் ஒரு நோட்டுல எழுதச் சொன்னாங்க, யாரு, எதுக்கு, விடியற வரைக்கும் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு. மூணாவது கட்டத்த நிரப்பும்போதுதான் கண்ணு தெறந்துச்சு. பருவத்துல இருக்குன்னு ராத்திரி பத்து மணிக்கு அடிப்பாங்க, சாயங்காலம் பருவம் தெரிஞ்சா மறுநாள் காலைலதான் ஊசி போடணும், அது ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கே தெரியும், ஆனா நான் ராத்திரி எடுத்து பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். நஞ்சுக்கொடி விழலன்னு அடிப்பாங்க, பன்னண்டு மணி நேரம் தாராளமா பாக்கலாம், மாடு நல்லா தின்னா அவசரமே இல்ல. வில்லை கழண்டு விழுந்துடுச்சுன்னு ராத்திரி ஒன்பதரைக்கு ஒருத்தர். நெஜமாவே பொறுக்காதது கன்னு ஈன முடியாம முக்கறது, கருப்பை வெளிய தள்ளினது, வயிறு உப்புசம், பாம்புக்கடி, ஈன்ற மாடு கழுத்த மடிச்சுக்கிட்டு படுத்துட்டது. நோட்டுல அது கொஞ்சம்தான்.

லீவு முடிஞ்சு சேரும்போது உடற்தகுதிச் சான்று கொடுத்தேன், சேந்ததும் முதல் வேலையா ரெண்டாவது சிம் வாங்கினேன். பழைய நம்பர் சாயங்காலம் ஆஃப். பொறுக்காத அஞ்சு விஷயத்தயும் மருந்தக சுவத்துல பெரிய எழுத்துல எழுதி, பகல்ல நான் கேம்ப்ல இருந்தா 1962 கால்நடை ஆம்புலன்ஸ் வண்டிக்கு அடிங்கன்னும் எழுதிட்டேன். பக்கத்து ஒன்றியத்துல ரெண்டு டாக்டருங்க, நான், மூணு பேரும் ராத்திரி முறை வச்சிருக்கோம், ஆர்டர் எதுவும் இல்ல, எங்களுக்குள்ள ஒரு பேச்சுதான். ஊர்ல முணுமுணுப்பு இருந்துச்சு, "முன்னாடி இருந்த டாக்டர் எப்ப கூப்பிட்டாலும் வருவார்"னு. அவரு சுகர், பிரஷரோட ரிடையர் ஆனது எனக்குத்தான் தெரியும். வீடியோ போட்ட பையன் வீட்டுக்கு மட்டும் ரொம்ப நாள் போக முடியல, ஆய்வாளர் அண்ணனத்தான் அனுப்புவேன். போன மாசம் அவங்க புது மாடு ஈனுச்சு, போனேன். பேச்சு வார்த்தை இல்ல, மோர் கொடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன்.

சர்வீஸ் ரிஜிஸ்டர்ல மனநோய்னு ஏறிடுமா, ப்ரமோஷன் போயிடுமான்னு ஜூனியர் பொண்ணுங்க கேக்கறாங்க. எனக்கு ஏறினது என்ன விடுப்பு, எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு மட்டும்தான், நானே ஆபீஸ்ல போய் பக்கத்தத் திருப்பிப் பாத்துட்டேன். காலி போஸ்ட் இன்னும் காலிதான், கூடுதல் பொறுப்பு சுத்தி சுத்தி மறுபடி என்கிட்டயே வந்துடுச்சு, கோமாரி ரவுண்டும் அடுத்த மாசம். சாவிய திருப்பிக் கேக்கலாமான்னு போன ரிவ்யூல கேட்டேன், அடுத்த தடவ பேசுவோம்னுட்டார். அது வியாழக்கிழமை, அன்னைக்கேதான் மாதாந்திர மீட்டிங்கும், மீட்டிங்குக்கு ஆய்வாளர் அண்ணன் போறார்.