பல்கலைக்கழக அணிக்கு ஆட நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு

மதுரையில் பி.காம். படித்த மூன்று வருடமும் கபடி ஆடினேன், லெஃப்ட் கார்னர் (இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன்). காமராசர் பல்கலைக்கழக அணிக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்கள் எல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கோட்டை விட்டது சான்றிதழ் விஷயத்தில்.

முதலில் கல்லூரி அணி, அப்புறம் இன்டர் காலேஜ். அதில் கண்ணில் படுகிறவர்களுக்குத் தேர்வு வைத்து முகாம் போடுவார்கள். அங்கே தேறினால் சௌத் ஜோன், அதாவது தென் மண்டலப் போட்டி. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று சுற்றிலும் இருந்து அணிகள் வந்து மோதும். மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. இவற்றை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 2020இல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இரண்டாம் வருடம் எனக்கு இடம் கிடைத்தது. போட்டி நடந்த ஊரில் தகுதிப் படிவம் சரிபார்க்கும் மேஜையில் என் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒன்றில் ஒரு இனிஷியல், மற்றதில் இரண்டு. ஷூ லேஸ் கட்டி முடித்திருந்த நான் கேலரியில் போய் உட்கார்ந்தேன். என் கார்னரில் வேறொருவன் நின்றான். இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. முதல் வருடம் சேர்ந்த உடனேயே பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படிப்பு விஷயம். ஓ.டி. (ஆடப் போன நாளுக்கு ஆன் டூட்டி அனுமதி) வாங்கினால் அட்டென்டன்ஸ் தப்பிக்கும், இன்டர்னல் மார்க் தப்பிக்காது. கிளம்புவதற்கு முன்பே அசைன்மென்ட்டைக் கொடுத்துவிடுங்கள். ஓடுகிற ரயிலில் காஸ்ட் அக்கவுண்டிங் கணக்குப் போட முடியாது. கட்டம் எல்லாம் கோணும். கணக்கை முகாமுக்கு முன்பே முடித்துவிட்டு, ரயிலில் வணிகச் சட்டம் படிப்பேன். அரியர் இல்லாமல் வெளியே வந்தேன்.

இன்னொன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போடும்போது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குப் படிவம் 3 கேட்பார்கள். படிக்கும்போதே பல்கலைக்கழகத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்றாம் வருட ஆட்டத்துக்கான அந்த ஒரு கையெழுத்துக்காக, வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெரியார் நிலையத்திலிருந்து பல்கலை நகருக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன்.