திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே 184 கிலோமீட்டர்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் புறப்படும் முன், திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி எத்தனை தொலைவு என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சி நிலையம் 10.77 பாகை வட அட்சரேகையிலும் 78.71 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. பலாலிக்கு அவை 9.79, 80.07. நம் பகுதியில் ஒரு பாகை என்பது வடக்கு தெற்காக 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 109.5 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால், தெற்கே 108, கிழக்கே 149 என்று ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் கிடைக்கின்றன. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின்படி கர்ணம் 184 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 99 கடல் மைல்.

திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்காவும் கிட்டத்தட்ட அதே 290தான். ஆக, இரு ஊர்களும் தத்தம் தலைநகரத்து விமான நிலையத்தைவிட ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. வரைபடத்தில் கோடு போட்டால் அது பட்டுக்கோட்டையை ஒட்டிச் சென்று, மல்லிப்பட்டினம் அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையை விட்டு, மீதிப் பாதியைப் பாக்கு நீரிணையின் மேல் கடக்கிறது.

பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. திருச்சியிலிருந்து நேரடிச் சேவை 2025 மார்ச் இறுதியில்தான் தொடங்கியது. இத்தடத்தில் ஓடும் ஏடிஆர் 72, உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடிய விசிறி விமானம். அப்படியானால் 22 நிமிடத்தில் சேர்ந்துவிட வேண்டும். பயணச்சீட்டிலோ ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. எனக்கும் முதலில் இது விளங்கவில்லை.

சீட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சேரும் ஊரில் போய் நிற்பது வரையிலான நேரம். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. காற்று மேற்கிலிருந்து வீசினால் மேற்கு நோக்கி எழும்பி, பிறகு கிழக்கே திரும்ப வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாமதத்துக்கென்று அட்டவணையிலேயே சில நிமிடங்களைச் சேர்த்து வைப்பதும் வழக்கம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொட்டது வரை 39 நிமிடங்கள். பக்கத்து இருக்கைக்காரர் திறந்த நாளிதழின் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை.

உண்மையில் நேரத்தைத் தின்பவை தரையில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய், குடியகல்வு வரிசையில் நின்று, அங்கே குடிவரவு, சுங்கம் முடித்து, பிறகு நகருக்கு இன்னொரு 17 கிலோமீட்டர் சாலை. வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தபோது எனக்கு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. இதைப் பெரியம்மாவிடம் சலிப்போடு சொன்னபோது, "காலமை கொழும்புக்கு பஸ்ஸில வெளிக்கிட்ட உன்ர அண்ணன் இன்னும் போய்ச் சேரயில்லை, நீ சாப்பிட வா" என்றார்.